பல்கலைக்கழக ஊரில் யாருக்கு வீடு?

மணிக்கு 15 டாலர். வர்ஜீனியா பல்கலைக்கழகம் தன் முழுநேர ஊழியர்களுக்கு 2020 ஜனவரியிலிருந்து நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி இது. வாரம் 40 மணி நேரம், 52 வாரமும் உழைத்தால் ஆண்டுக்கு 31,200 டாலர் வரும். சம்பளத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வாடகைக்குப் போனால் குடும்பம் தாங்காது என்பது அமெரிக்க அரசே வைத்திருக்கும் அளவுகோல். அந்தக் கணக்கில் இந்த ஊழியரால் மாதம் 780 டாலர் வாடகை கொடுக்க முடியும். அதே ஊரில் ‘மலிவு வாடகை’ என்று அரசு முத்திரை பெற்ற இரண்டு படுக்கையறை வீட்டுக்கு, சட்டப்படியே 1,600 டாலருக்கு மேல் கேட்கலாம். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஊரின் பெயர் சார்லட்ஸ்வில். வர்ஜீனியா மாநிலத்தில், ப்ளூ ரிட்ஜ் மலைத்தொடருக்குக் கிழக்கே இருக்கும் சின்ன நகரம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 46,553 பேர். தாமஸ் ஜெஃபர்சன் 1819-ல் நிறுவிய பல்கலைக்கழகத்தில் இன்று படிப்பவர்கள் மட்டும் சுமார் 25,000 பேர். எல்லோரும் நகர எல்லைக்குள் வசிப்பதில்லை. ஆனாலும் வாடகைச் சந்தையை ஆட்டிவைப்பவர்கள் அவர்கள்தான். நான்கு மாணவர்கள் சேர்ந்து ஆளுக்கு 900 டாலர் போட்டு ஒரு வீட்டை எடுத்தால் வீட்டுக்காரருக்கு 3,600 டாலர் கிடைக்கிறது. இரண்டு பேர் வேலைக்குப் போய் இரண்டு பிள்ளைகளை வளர்க்கும் குடும்பத்தால் அந்த வீட்டை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. மாணவர்கள் ஒன்றும் பணக்காரர்கள் அல்ல. நான்கு பேராகச் சேர்ந்து வாடகை கட்ட அவர்களால் முடிகிறது, குடும்பத்தால் முடியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இடமும் குறைவு. வர்ஜீனியாவில் நகரம் என்பது கவுன்டி எனும் மாவட்டத்துக்குள் அடங்காத தனி ஆட்சி. சார்லட்ஸ்வில்லின் பரப்பு பத்துச் சதுர மைலுக்குச் சற்றே அதிகம். சுற்றிலும் ஆல்பமார்ல் கவுன்டி. அங்கிருந்து நிலத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் வளரும் வழி 1980-களிலேயே அடைபட்டுவிட்டது. பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டடங்களுக்கோ சொத்து வரி கிடையாது. ஆக, இருக்கிற நிலத்துக்குள்தான் அடிதடி.

அரசு கட்டாத அரசு வீடு

வீட்டுவசதி வாரியம் நிலம் எடுத்து, வாரியமே கட்டி, குலுக்கல் போட்டுச் சாவி கொடுப்பதுதான் நமக்குப் பழக்கமான முறை. அமெரிக்காவிலும் 1937-ம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது. 1973-ல் அதிபர் நிக்சன் மத்திய அரசின் வீட்டு மானியத் திட்டங்களை நிறுத்திவைத்தார். அதற்குப் பிறகு அரசு நேரடியாகக் கட்டுவது தேய்ந்துகொண்டே போனது. 1986-ல் ரீகன் கையெழுத்திட்ட வரிச் சீர்திருத்தச் சட்டத்தில் ஒரு புதிய பிரிவு சேர்ந்தது. வரிச் சட்டத் தொகுப்பின் 42-ம் பிரிவான அதன் கீழ்தான், இன்று அந்த நாட்டில் குறைந்த வருமானக்காரர்களுக்கென்று எழும் புதிய வாடகை வீடுகளில் பெரும்பாலானவை எழுகின்றன. 1987 முதல் இதுவரை 35 லட்சத்துக்கும் மேல்.

இது வருமானத்தில் கழிக்கிற விலக்கு அல்ல. கட்டவேண்டிய வரியிலேயே டாலருக்கு டாலர் கழிகிறது. அதனால் இதை இங்கே வரிக்கழிவு என்றே குறிப்பிடுகிறேன். ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் இயக்கம் விளங்கும். நூறு வீடு கொண்ட அடுக்ககத்துக்கு ஆகும் செலவில் நிலத்தின் விலையையும் வேறு சில இனங்களையும் நீக்கியபின், தகுதியான செலவு 2 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 9 விழுக்காடு, அதாவது 18 லட்சம் டாலர், ஆண்டுதோறும் பத்து ஆண்டுகளுக்கு வரிக்கழிவாகக் கிடைக்கும். மொத்தம் 1 கோடியே 80 லட்சம். ஆனால் கட்டுகிறவர் லாப நோக்கற்ற நிறுவனமாக இருந்தால் அதற்கு வரியே கிடையாது. கழிவை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? பெரிய வரி கட்டுகிற ஒருவரிடம், பெரும்பாலும் ஒரு வங்கியிடம், விற்றுவிடும். டாலருக்கு 85 சென்ட் விலை படிந்தால் 1 கோடியே 53 லட்சம் டாலர் கட்டுமானப் பணமாகக் கையில் வரும். கட்டடத்தின் பங்குதாரர் என்ற பெயரில் வங்கி உள்ளே வருகிறது. அதற்கு வேண்டியது வாடகை லாபம் அல்ல, பத்து வருட வரிக்கழிவு. தான் கிளை வைத்திருக்கும் ஊர்களில் ஏழைகளுக்கும் கடனும் முதலீடும் தரவேண்டும் என்று 1977-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று வங்கிகளைக் கட்டாயப்படுத்துவதால், அந்தக் கணக்கிலும் இது சேர்ந்துவிடும்.

இந்த 9 விழுக்காட்டுக் கழிவு தலைக்கு இவ்வளவு என்று அளந்து மாநிலங்களுக்குக் கொடுக்கப்படுகிறது. தொடக்கத்தில் தலைக்கு ஒன்றேகால் டாலர். 2025-ல் 3 டாலர். வர்ஜீனியாவில் இதைப் பங்கிடுவது ‘வர்ஜீனியா ஹவுசிங்’ என்ற மாநில நிறுவனம். விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட்டு, மேலிருந்து எடுத்துக்கொண்டே வருவார்கள்; பணம் தீர்ந்த இடத்தில் கோடு. கோட்டுக்குக் கீழே விழுந்தவர் அடுத்த ஆண்டு வரவேண்டும். இன்னொரு வகை 4 விழுக்காட்டுக் கழிவு. வரிவிலக்குள்ள கடன்பத்திரங்களோடு சேர்ந்து வருவது. போட்டி குறைவு, பணமும் பாதிக்கும் குறைவு. மேலே சொன்ன அதே கட்டடத்துக்கு 68 லட்சம் டாலர்தான் தேறும். மீதியை யார் கொடுப்பது?

இந்தக் கேள்விக்கான பதிலைத் தேடி அலைவதுதான் இத்துறையில் இருப்பவர்களின் பிழைப்பு. மாநிலக் கடன், நகரத்தின் மானியம், அறக்கட்டளைக் கொடை, வங்கிக் கடன், ஒத்திவைத்த கட்டுநர் கட்டணம் என்று ஒரே கட்டடத்தில் ஆறேழு இடத்துப் பணம் ஒட்டுப்போட்டு நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காளர், ஒரு காலக்கெடு. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கை, சில மாநிலங்களிலும் நகரங்களிலும் 2011 முதல் 2015 வரை கட்டி முடிந்த திட்டங்களைப் பார்த்தது. புதிய கட்டுமானத்தில் வீடு ஒன்றுக்கு ஆன இடைநிலைச் செலவு டெக்சாஸில் சுமார் 1,26,000 டாலர், கலிஃபோர்னியாவில் 3,26,000. இரண்டு இடத்திலும் சட்டம் ஒன்றுதான். வேறுபடுவது நிலமும் கூலியும் உள்ளூர் விதிகளும்.

யாருடைய வருமானத்தில் 60 விழுக்காடு?

இப்போது தொடக்கத்தில் சொன்ன 1,600 டாலருக்கு வருவோம்.

இவ்வீடுகளில் குடியேறத் தகுதி, அந்த வட்டாரத்தின் இடைநிலை வருமானத்தை வைத்து அளக்கப்படுகிறது. வழக்கமான உச்சவரம்பு அதில் 60 விழுக்காடு. 2018 முதல், சராசரி 60-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் சில வீடுகளை 80 விழுக்காடு வரை உள்ளவர்களுக்கும் கொடுக்கலாம். வாடகையும் இதே வரம்பிலிருந்து பிறக்கிறது; குடியிருப்பவரின் உண்மைச் சம்பளத்திலிருந்து அல்ல. பொதுவாக யாரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் இடம் இது. பழைய அரசுக் குடியிருப்பில் வாடகை என்பது உங்கள் வருமானத்தில் 30 விழுக்காடு. வேலை போனால் வாடகையும் இறங்கும். வரிக்கழிவு வீட்டில் இறங்காது.

சார்லட்ஸ்வில் வட்டாரம் என்று கணக்கில் எடுப்பது நகரத்தை மட்டுமல்ல, சுற்றியுள்ள கவுன்டிகளையும் சேர்த்து. ஆல்பமார்லில் திராட்சைத் தோட்டங்களும் குதிரைப் பண்ணைகளும் வைத்திருப்பவர்கள், பல்கலைக்கழக மருத்துவமனையின் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள், சட்டப் பேராசிரியர்கள் எல்லோரும் அந்த இடைநிலையை மேலே தள்ளுகிறார்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஒரு லட்சம் டாலரைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகின்றன. 1,20,000 என்று வைத்துக் கணக்குப் போட்டால், இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மூன்று பேர் என்று கொண்டு 60 விழுக்காட்டு வரம்பு 64,800 டாலர். அதில் 30 விழுக்காட்டைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,620. மின்சாரமும் தண்ணீரும் இதற்குள் அடக்கம்.

அந்த 1,620-ம் நாம் முதலில் பார்த்த 780-ம் ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலிருந்து கிளம்புகின்றன. பேராசிரியரின் சம்பளம் வரம்பை உயர்த்துகிறது. தரை துடைப்பவரின் சம்பளம் அந்த வரம்பை எட்டவில்லை. பல்கலைக்கழகம் இல்லாத ஏழை ஊரில் இடைநிலை வருமானமே தாழ்ந்திருப்பதால் 60 விழுக்காட்டு வாடகை உண்மையாகவே மலிவாக இருக்கும், சில இடங்களில் சந்தை வாடகைக்கு ஏறக்குறைய சமமாகக்கூட வந்து நிற்கும். இரண்டு உலகமும் ஒரே தெருவில் இருக்கும் ஊர்களில்தான் இந்த அளவுகோல் தடுமாறுகிறது.

அப்படியானால் பரம ஏழைகள் இவ்வீடுகளில் இல்லையா? இருக்கிறார்கள். ஆய்வாளர்கள் காத்தரின் ஓ’ரீகனும் கெரன் ஹார்னும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு, இவ்வீடுகளில் ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவற்றில் வட்டார இடைநிலையில் 30 விழுக்காடுகூட எட்டாத குடும்பங்கள் வசிப்பதைக் காட்டியது. ஆனால் அவர்களில் பெரும்பான்மையோர் வாடகை வவுச்சரோ வேறு வாடகை உதவியோ சேர்த்துத்தான் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதையும் அதே ஆய்வு சொன்னது. வவுச்சர் இருப்பதைக் காரணம் காட்டி இவ்வீடுகளில் யாரையும் மறுக்க முடியாது, அது சட்டம். வவுச்சர் கிடைக்கத்தான் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவேண்டும்.

மாணவர் என்ற சிக்கல்

பல்கலைக்கழக ஊர் என்பதால் வரும் இன்னொரு முடிச்சு உண்டு. காகிதத்தில் பார்த்தால் மாணவரைப் போல ஏழை கிடையாது. பகுதிநேர வேலையில் ஆண்டுக்கு எட்டாயிரம் டாலர் வாங்கும் இருபது வயதுப் பையன், அவன் அப்பா மருத்துவராக இருந்தாலும், புள்ளிவிவரத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழே. வடிகட்டி இல்லாவிட்டால் மலிவு வீடு முழுக்க மாணவர் விடுதியாகிவிடும்.

வடிகட்டி 42-ம் பிரிவிலேயே இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் அந்தக் குடும்பத்துக்குத் தகுதி இல்லை. ஆண்டில் ஐந்து மாதம் முழுநேரமாகப் படித்தாலே முழுநேர மாணவர். விலக்குகள் ஐந்து: கூட்டாக வரி தாக்கல் செய்யும் மணமான தம்பதி, யாரையும் சார்ந்திராத, பிள்ளைகளோடு தனியே வாழும் தாய் அல்லது தந்தை, அரசின் குடும்ப நல உதவி பெறுபவர், வளர்ப்புப் பராமரிப்பில் இருந்து வெளிவந்தவர், அரசு வேலைப் பயிற்சித் திட்டத்தில் படிப்பவர். இதன் விளைவுகள் வேடிக்கையானவை. நம்மூரிலிருந்து முனைவர் பட்டத்துக்குப் போய் ஒரே வீட்டில் தங்கும் மூன்று நண்பர்கள் உதவித்தொகையில் எவ்வளவு சிக்கனமாக வாழ்ந்தாலும் தகுதி இல்லை. அவர்களில் ஒருவர் மணமாகி, மாணவியாக இல்லாத மனைவியோடு இருந்தால் வீட்டில் எல்லோரும் மாணவர் அல்ல. வருமானம் வரம்புக்குள் இருந்தால் போதும், கதவு திறக்கும்.

விதி தவறு என்று நான் சொல்லமாட்டேன். சார்லட்ஸ்வில் போன்ற ஊரில் அது இல்லாமல் ஒரு நாள் தள்ள முடியாது. ஆனால் அது குறிவைத்தது இருபது வயதுப் பையனை; சில நேரம் அடிபடுவது நாற்பது வயதுப் பெண். பிள்ளைகள் பெரியவர்களாகிப் போனபின் தனியே வசிக்கும் மருத்துவமனை உதவியாளர், செவிலியர் படிப்புக்காக வேலையை விட்டு முழுநேரம் கல்லூரியில் சேர்ந்தால், வீட்டுக்கான தகுதியை இழக்கிறார். முன்னேற விரும்புகிறவரிடம் பகுதிநேரமாகப் படி, எட்டு வருடம் எடுத்துக்கொள் என்று சொல்லும் விதி. இதைத் திருத்தும் யோசனைகள் நாடாளுமன்ற மசோதாக்களில் பலமுறை வந்து நிற்கின்றன.

மாணவர் வறுமை இன்னொரு பக்கமும் ஆட்டம் காட்டுகிறது. வறுமை 25 விழுக்காட்டை எட்டிய கணக்கெடுப்பு வட்டாரத்தில் கட்டினால், தகுதியான செலவை 30 விழுக்காடு கூட்டிக்கொள்ளலாம். நம் உதாரணக் கட்டடத்துக்கு 2 கோடி 2 கோடியே 60 லட்சமாகி, கையில் வரும் பணம் கிட்டத்தட்ட 46 லட்சம் டாலர் ஏறும். விடுதி மாணவர்கள் வறுமைக் கணக்கில் வருவதில்லை; வெளியே வாடகைக்கு இருப்பவர்கள் வருகிறார்கள். ஆகவே மாணவர் குவியும் தெருக்கள் ‘ஏழை வட்டாரம்’ ஆகி, இந்த 30 விழுக்காட்டு ஊக்கத்தொகைக்குத் தகுதி பெற்றுவிடலாம். ஊக்கத்தொகை இருந்தும் என்ன, அந்தத் தெருக்களில்தான் நிலம் உச்ச விலையில் இருக்கிறது. கடந்த இருபது ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தை நகர மையத்தோடு இணைக்கும் வெஸ்ட் மெயின் வீதியில் எழுந்த பெரிய கட்டடங்களில் பல, கட்டிலுக்கு இவ்வளவு என்று மாணவர்களுக்கு வாடகைக்கு விடுபவை. கட்டில் கணக்கில் வாடகை வாங்குகிறவரோடு குடும்பக் கணக்கில் வாடகை வாங்குகிறவர் நிலத்துக்குப் போட்டிபோட முடியாது.

இடித்த கதை

சார்லட்ஸ்வில்லில் வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் ஐந்தாவது நிமிடத்தில் வினிகர் ஹில் வந்துவிடும். நகர மையத்தை ஒட்டிய கறுப்பினத்தவர் குடியிருப்பு. கடைகள், முடிதிருத்தகங்கள், உணவகங்கள், தேவாலயம் எல்லாம் அவர்களுடையவை. ‘நகரப் புதுப்பிப்பு’ என்ற பெயரில் அதை இடிப்பதா என்று 1960-ல் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப்போடத் தலைவரி கட்டியிருக்கவேண்டிய காலம் அது. அங்கே வாழ்ந்த பலருக்கு ஓட்டு இல்லை. மிகச் சிறிய வித்தியாசத்தில் இடிப்பு வென்றது. 1965 வாக்கில் புல்டோசர்கள் இறங்கின. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேறின, சுமார் முப்பது தொழில்கள் போயின. இடித்த நிலத்தில் பெரும்பகுதி ஆண்டுக்கணக்கில் வெறுமனே கிடந்தது என்பதுதான் ஊர்க்காரர்களால் இன்னும் ஜீரணிக்க முடியாதது. நகர மன்றம் 2011-ல் மன்னிப்புக் கேட்டது.

வெளியேற்றப்பட்டவர்களில் பலருக்குக் கிடைத்தது வெஸ்ட்ஹேவன் என்ற 126 வீட்டு அரசுக் குடியிருப்பு. சொந்த வீடும் கடையும் வைத்திருந்தவர்கள் வாடகைக்காரர் ஆனார்கள். 1970-களில் காரெட் வீதிப் பகுதியும் இதேபோல் இடிபட்டு, அங்கே 1978-ல் 150 வீடுகளோடு காரெட் ஸ்கொயர் எழுந்தது. பிறகு அதன் பெயர் ஃப்ரெண்ட்ஷிப் கோர்ட்.

ஆகவே 2010-களில் அரசுக் குடியிருப்புகளை வரிக்கழிவுப் பணத்தில் மறுபடி கட்டலாம் என்ற பேச்சு எழுந்தபோது, அங்கிருந்தவர்கள் முதலில் கேட்டது ‘எங்களை எங்கே அனுப்புவீர்கள்?’ என்பதுதான். அந்தச் சந்தேகத்தை அவர்கள் அமைப்பாக்கி வைத்திருந்தார்கள். 1998-ல் தொடங்கிய அரசுக் குடியிருப்போர் சங்கம், மறுகட்டுமானத்தின்போது குடியிருப்பவர்களுக்கு என்னென்ன உரிமை என்ற பட்டயத்தை 2008-லேயே நகர நிர்வாகத்தை ஏற்கவைத்திருந்தது. திட்டம் வருவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே எழுதிவைத்த நிபந்தனை. நான் படித்தவரை, இந்த ஊரில் நடந்த எல்லாவற்றிலும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது இந்தக் காகிதம்தான்.

சௌத் ஃபர்ஸ்ட் வீதி அரசுக் குடியிருப்பில் இருப்பவர்களே கட்டடக் கலைஞர்களோடு உட்கார்ந்து வரைபடத்தைத் தீர்மானித்தார்கள். பக்கத்துக் காலி மைதானத்தில் முதலில் 62 புதிய வீடுகள். பழைய 58 வீடுகளில் இருந்தவர்கள் போக இடம் கிடைத்தபின்தான் அவற்றை இடித்து 113 வீடுகள் என்பது இரண்டாம் கட்டம். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் வசிக்கும் 105 வீட்டு அடுக்குமாடியான கிரெசென்ட் ஹால்ஸ் அடியிலிருந்து புதுப்பிக்கப்பட்டது. இந்த ஊரில் தொடங்கிய டேவ் மேத்யூஸ் இசைக்குழுவும் பெருந்தொகை கொடுத்தது. எல்லா ஊரிலும் உலகப் புகழ் இசைக்குழு பிறப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஃப்ரெண்ட்ஷிப் கோர்ட்டிலும் அதே முறை. பீட்மான்ட் ஹவுசிங் அலையன்ஸ் என்ற உள்ளூர் லாப நோக்கற்ற நிறுவனம், ஒரு குடும்பம்கூட வெளியேறாது என்ற வாக்குறுதியோடு தொடங்கியது. காலி இடத்தில் 106 வீடுகள் முதலில். 2023-ல் இடத்தின் பெயர் கிண்டில்வுட் என்று மாறியது. பெயரையும் குடியிருப்பவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள். பல கட்டங்களாக நானூறுக்கும் மேற்பட்ட வீடுகள் திட்டத்தில் இருக்கின்றன: பழையவர்களுக்கு மத்திய அரசின் வாடகை உதவியோடு, புதியவர்களுக்கு வெவ்வேறு வருமான அடுக்குகளில்.

இவை வெறும் வரிக்கழிவால் நடந்தவை அல்ல. 2021-ல் நகரம் ஏற்றுக்கொண்ட மலிவு வீட்டுத் திட்டம், பத்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 1 கோடி டாலர் உள்ளூர்ப் பணம் என்று இலக்கு வைத்தது. நாற்பத்தாறாயிரம் பேர் வாழும் ஊருக்கு அது தலைக்கு இருநூறு டாலருக்கும் மேல். மத்திய அரசின் 3 டாலர் தலைக்கணக்கோடு ஒப்பிடுவது முழு நியாயமல்ல, அது பத்தாண்டு ஓடும் கழிவு. பத்தால் பெருக்கினாலும் 30-தான். 2023 டிசம்பரில் நில விதிகளையும் மாற்றினார்கள்: தனி வீடு மட்டும் என்றிருந்த மனைகளில் பல வீடுகள் கட்டலாம், பத்து வீடோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில் பத்தில் ஒன்று 60 விழுக்காட்டு வரம்பில் இருக்கவேண்டும். வீட்டு உரிமையாளர்கள் சிலர் அடுத்த மாதமே நீதிமன்றம் போனார்கள்.

பல்கலைக்கழகத்தின் பங்கு

2020-ல் அன்றைய தலைவர் ஜிம் ரையன், பத்தாண்டுக்குள் 1,000 முதல் 1,500 மலிவு வீடுகள் எழ வழிசெய்வதாக அறிவித்தார். பல்கலைக்கழகம் கட்டாது, தன்னிடமும் தன் அறக்கட்டளையிடமும் உள்ள நிலத்தைத் தரும், கட்டுநர்கள் கட்டுவார்கள். 2021 இறுதியில் மூன்று இடங்கள் அறிவிக்கப்பட்டன: ஊருக்குள் வெர்ட்லண்ட் வீதி முனை, ஃபோன்டெய்ன் பகுதி, வடக்கே நெடுஞ்சாலையில் தள்ளியிருக்கும் நார்த் ஃபோர்க். முதல் இடம் மருத்துவமனைக்கு நடந்து போகும் தூரம். மூன்றாவதற்குக் கார் வேண்டும்.

இது தர்மம் என்று பாராட்டுகிறவர்களும் உண்டு, கண்துடைப்பு என்கிறவர்களும் உண்டு. நிலம்தான் இந்தக் கணக்கில் கிடைக்காத பொருள். வரிக்கழிவு நிலத்தின் விலைக்குப் பணம் தருவதில்லை என்பதை மேலே பார்த்தோம். ஆகவே பணத்தைவிட நிலத்தைக் கொடுப்பது சரியான உதவி. ஆனால் நிலம் கொடுத்தபின்னும் 780 டாலருக்கும் 1,620 டாலருக்கும் உள்ள பள்ளம் அப்படியே இருக்கிறது. அதை நிரப்ப இரண்டே வழி: வாடகை உதவி, அல்லது சம்பளம். முதலாவது மத்திய அரசின் கையில். இரண்டாவது பல்கலைக்கழகத்தின் கையில்.

ஆய்வாளர்கள் சொல்வது

வரிக்கழிவுக்கு எதிரான கனமான வாதம் பொருளியலாளர்களிடமிருந்து வந்தது. மைக்கேல் எரிக்சனும் ஸ்டூவர்ட் ரோசந்தாலும் 2010-ல், மானியத்தில் எழும் வீடுகள் மானியமில்லாமல் எப்படியும் எழுந்திருக்கக்கூடிய வாடகை வீடுகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன என்று கணித்தார்கள். நிகர லாபம் சொற்பம் என்பது அவர்கள் முடிவு. பல்கலைக்கழக ஊருக்கு இதை அப்படியே பொருத்த எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அங்கே மானியமில்லாமல் எழுந்திருக்கக்கூடியது குடும்ப வீடு அல்ல, மாணவர் கட்டில். ஒரு மாணவர் கட்டடம் குறைந்து ஒரு குடும்பக் கட்டடம் கூடினால், எண்ணிக்கை மாறாவிட்டாலும் குடியிருப்பவர் மாறுகிறார்.

அக்கம்பக்கத்து வீட்டு விலை சரியும் என்ற பயத்துக்கு ரெபெக்கா டயமண்டும் டிம் மெக்குவேடும் 2019-ல் பதில் தந்தார்கள். குறைந்த வருமானப் பகுதிகளில் இத்தகைய கட்டடம் வந்தால் மிக அருகிலுள்ள வீடுகளின் விலை 6.5 விழுக்காடு உயர்கிறது. வெள்ளையர் மிகுந்த வசதியான பகுதிகளில் ஓரளவு இறங்குகிறது. எதிர்ப்பு எந்தப் பகுதியிலிருந்து வரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதினைந்தாம் ஆண்டு

கழிவு பத்து ஆண்டில் தீர்ந்துவிடும். விதிகளை மீறினால் கழிவைத் திருப்பிப் பிடுங்கும் அதிகாரம் பதினைந்து ஆண்டுவரை. மலிவு வாடகை ஒப்பந்தம் குறைந்தது முப்பது ஆண்டு. இந்த மூன்று எண்களுக்கு நடுவில்தான் ஆபத்து. பதினான்காம் ஆண்டு முடிந்ததும் வாங்க ஆள் தேடித் தரும்படி உரிமையாளர் மாநிலத்தைக் கேட்கலாம். சட்டம் சொல்லும் விலைக்கு ஒரு வருடத்தில் ஆள் வராவிட்டால் ஒப்பந்தம் முறிகிறது, மூன்று ஆண்டு அவகாசத்துக்குப்பின் சந்தை வாடகை. இந்த உரிமையை விட்டுக்கொடுத்தால்தான் கழிவு என்று பல மாநிலங்கள் இப்போது கட்டாயப்படுத்துகின்றன. இன்னொரு தகராறும் உண்டு: வெளியேறவேண்டிய முதலீட்டாளரின் பங்கை வேறு நிதி நிறுவனங்கள் வாங்கிக்கொண்டு, லாப நோக்கற்ற பங்காளி குறைந்த விலையில் கட்டடத்தை எடுக்கும் உரிமையை நீதிமன்றத்தில் எதிர்க்கின்றன.

நகர வீட்டுவசதி ஆணையமோ உள்ளூர் நிறுவனமோ நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டால் இந்த ஆபத்து பெருமளவு குறையும். சார்லட்ஸ்வில்லில் பெரிய திட்டங்கள் அந்த வழியில்தான் போகின்றன. புதிதாக இறங்கும் எந்தப் பல்கலைக்கழக ஊரும், எத்தனை வீடு என்று கேட்பதற்கு முன் பதினாறாம் ஆண்டில் நிலம் யார் பெயரில் இருக்கும் என்று கேட்கவேண்டும்.

2025 ஜூலையில் கையெழுத்தான வரிச் சட்டம், மாநிலங்களுக்கான 9 விழுக்காட்டு ஒதுக்கீட்டை 12 விழுக்காடு கூட்டியது. செலவில் பாதிக்குக் கடன்பத்திரம் வேண்டும் என்றிருந்த நிபந்தனையைக் கால்வாசியாகக் குறைத்தது; 4 விழுக்காட்டுக் கழிவு இனி அதிகத் திட்டங்களுக்கு எட்டும். அந்தக் கழிவு விட்டுவைக்கும் பெரிய பள்ளத்தை நிரப்ப நகரங்களிடமும் மாநிலங்களிடமும் வரிசை இன்னும் நீளும்.

அந்த வரிசையில் வெஸ்ட்ஹேவனும் நிற்கிறது. வினிகர் ஹில்லிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கென்று கட்டிய அந்த 126 வீடுகளையும் இடித்து மறுபடி கட்டத் திட்டம் தயாராகிறது. வரைபட மேசையில் இந்த முறை அங்கே குடியிருப்பவர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள்.